விண்துகள் இயற்பியலில் நுழைய: பயிற்சி, பள்ளி, மாநாடு, பிஎச்.டி. வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஒவ்வொரு மே மாதமும் எனக்கு இப்படிச் சில மின்னஞ்சல்கள் வரும்: "சார், எம்.எஸ்சி. முதலாண்டு முடித்துவிட்டேன். காஸ்மிக் கதிர் ஆய்வில் ரொம்ப ஆர்வம். இந்த லீவில் எங்காவது இன்டர்ன்ஷிப் கிடைக்குமா?" எழுதியிருக்கும் விதத்திலேயே தெரியும், நன்றாகப் படிக்கிற பிள்ளை. படிக்கும்போது மனசு கஷ்டப்படும். அந்தக் கோடைக்கான விண்ணப்பங்கள் ஜனவரியோடு முடிந்துபோயிருக்கும். நான் பார்த்தவரை, இந்தத் துறையில் நம் மாணவர்கள் திறமை போதாமல் இழந்த வாய்ப்புகள் கொஞ்சம், தேதி தெரியாமல் இழந்தவை நிறைய.

அதற்காகத்தான், விண்ணிலிருந்து வரும் துகள்களையும் கதிர்களையும் ஆராயும் விண்துகள் இயற்பியலில் நுழைவது எப்படி என்று இதை எழுதுகிறேன். இயற்பியல் இளநிலை, முதுநிலை படிக்கிறவர்களுக்கும், பிஎச்.டி. தொடங்கி முதல் மாநாட்டுக்குத் தயாராகிறவர்களுக்கும் இது உதவும்.

படி 1: பட்டம் பார்த்து விதையுங்கள்

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பார்கள். விண்துகள் இயற்பியலுக்கும் அப்படி ஒரு பட்டம் உண்டு. அறுவடை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. கோடைப் பயிற்சிகள், பள்ளிகள், பெரிய மாநாடுகள் எல்லாம் அப்போதுதான் நடக்கும். விதைப்புக் காலம் அக்டோபரிலேயே தொடங்கிவிடும், பயிற்சிகளுக்கு ஜனவரி கடைசியோடு முடிந்தும்விடும்.

இந்திய அறிவியல் கழகங்கள் (அகாடமிகள்) மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகைக்கு முந்தைய ஆண்டு முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பிஎச்.டி. நுழைவுத் தேர்வு டிசம்பரில் வரும். அந்நிறுவனத்தின் மாணவர் ஆய்வுத் திட்டமான வி.எஸ்.ஆர்.பி., துகள் இயற்பியல் ஆய்வகங்களான ஜெர்மனியின் டெசி, ஜெனீவாவின் செர்ன் ஆகியவற்றின் கோடைத் திட்டங்களுக்கு ஜனவரிதான் முக்கியமான மாதம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கோடைப் பள்ளிகளுக்கான விண்ணப்பமும் மாநாடுகளுக்கான ஆய்வுச் சுருக்கமும். இத்தாலியின் சில பிஎச்.டி. இடங்கள் அதற்குப் பிறகும் திறந்திருக்கும். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு சில வாரம் முன்பின் நகரும் என்பதால், அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்தே உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாநாடுகளுக்கு இரண்டாண்டுச் சுழற்சி. ஒற்றைப்படை ஆண்டுகளில் சர்வதேச காஸ்மிக் கதிர் மாநாடான ஐ.சி.ஆர்.சி.யும், நிலத்தடி ஆய்வுகளுக்கான டி.ஏ.யு.பி.யும் வரும். இரட்டைப்படை ஆண்டுகளில் நியூட்ரினோ மாநாடும் ஐரோப்பிய காஸ்மிக் கதிர் கருத்தரங்கும். ஐ.சி.ஆர்.சி.யின் 39-வது கூட்டம் 2025 ஜூலையில் ஜெனீவாவில் நடந்தது, அடுத்தது 2027-க்கு. இன்று பிஎச்.டி. சேர்கிறவர் தன் முதல் ஐ.சி.ஆர்.சி. எது என்று இப்போதே சொல்லிவிடலாம்.

படி 2: எந்தத் தூதரைப் பின்தொடரப் போகிறீர்கள்?

"எனக்கு விண்வெளி பிடிக்கும்" என்று எழுதினால் எந்தப் பேராசிரியருக்கும் உங்களை எங்கே வைப்பது என்று புரியாது. இந்தத் துறையில் விண்ணிலிருந்து செய்தி கொண்டுவருபவை நான்கு: மின்னூட்டம் கொண்ட காஸ்மிக் கதிர்கள், காமா கதிர்கள், நியூட்ரினோக்கள், ஈர்ப்பலைகள். இவற்றோடு, நிலத்தடியில் கரும்பொருளைத் தேடுவது தனிக் கிளை. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பின்னால் மாறிக்கொண்டால் யாரும் கோபிக்கப் போவதில்லை.

காஸ்மிக் கதிர் என்றால் அர்ஜென்டினாவின் மலார்குவே ஊரையொட்டி 3000 சதுர கி.மீ. பரப்பில் நீர்த்தொட்டிகளை நிறுத்தியிருக்கும் பியர் ஓஷே ஆய்வகம் ஒரு முனை, நம் ஊட்டியில் டாடா நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 ஆய்வகம் இன்னொரு முனை. காமா கதிருக்கு லடாக்கின் ஹான்லேயில் 2024 அக்டோபரில் திறக்கப்பட்ட 21 மீட்டர் மேஸ் தொலைநோக்கி இருக்கிறது. ஸ்பெயினின் லா பால்மா தீவிலும் சிலியிலும் பல தொலைநோக்கிகள் கொண்ட சி.டி.ஏ.ஓ. ஆய்வகம் எழுந்துகொண்டிருக்கிறது. நியூட்ரினோவுக்குத் தென்துருவப் பனியில் ஐஸ்கியூப், மத்தியதரைக்கடலின் அடியில் கே.எம்.3நெட், 2025-இல் தரவெடுக்கத் தொடங்கிய சீனாவின் ஜூனோ, ஜப்பானில் கட்டப்பட்டுவரும் ஹைப்பர்-கமியோகாண்டே. ஈர்ப்பலைக்கு மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் வரவிருக்கும் லிகோ-இந்தியா.

கட்டுமானத்தில் இருக்கும் கருவிகளை ஒதுக்கிவிடாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஆய்வகத்தில் தரவைப் பகுக்கக் கற்கலாம். கட்டுகிற இடத்தில்தான் கருவியை அக்குவேறு ஆணிவேறாகப் பார்க்க முடியும். மின்னணுவியலிலும் நிரலாக்கத்திலும் கைதேர்ந்தவர்களுக்கு அங்கே என்றும் பஞ்சம்.

படி 3: விண்ணப்பத்துக்கு முன் கையில் ஒரு வேலை வைத்திருங்கள்

இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். "என் கல்லூரியில் ஆய்வகம் இல்லை" என்பது முன்பு உண்மையான தடை. இன்று உலகத்தின் சிறந்த தரவுகளில் ஒரு பங்கு எல்லாருக்கும் திறந்திருக்கிறது.

பியர் ஓஷே கூட்டமைப்பு 2021-இல் தன் தரவில் 10 சதவீதத்தைப் பொதுவில் வைத்தது. அதோடு பைதான் நோட்புக்குகளும் உண்டு. ஒரு சனிக்கிழமை காலையில் உட்கார்ந்தால் இதைச் செய்துவிடலாம்: நிகழ்வுகளின் ஆற்றலை எடுத்து, மடக்கை அளவில் ஒரு பட்டை வரைபடம் போடுங்கள். சரசரவென்று சரியும் ஒரு கோடு வரும், அதில் ஒன்றும் தெரியாது. இப்போது ஒவ்வொரு பட்டையின் எண்ணிக்கையையும் அதன் ஆற்றல் அகலத்தால் வகுத்து, ஆற்றலின் மும்மடியால் பெருக்குங்கள். சரிவு நிமிர்ந்து, 5×10¹⁸ எலக்ட்ரான்வோல்ட் அருகே கோடு வளைவது கண்ணுக்குத் தெரியும். இதற்கு இத்துறையில் 'கணுக்கால்' என்று பெயர். பாடப்புத்தகத்தில் நூறு முறை பார்த்த படத்தை நீங்களே வரைந்து பார்க்கிற அந்தக் காலைப் பொழுதை மறக்கமாட்டீர்கள். விண்ணப்பத்தில் எழுத ஒரு பத்தியும் கிடைத்துவிட்டது.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில் முன்பு இயங்கிய காஸ்கேட் ஆய்வின் தரவும் இதேபோல் திறந்திருக்கிறது. 2008 முதல் சுற்றிவரும் ஃபெர்மி செயற்கைக்கோளின் காமா கதிர்த் தரவும் அப்படியே. ஒரு காஸ்மிக் கதிர் காற்றில் மோதி உண்டாக்கும் துகள் மழையான காற்றுப் பொழிவைக் கணினியில் உருவகப்படுத்தும் கோர்சிகா நிரலைப் பதிவு செய்து பெறலாம். காமா கதிர்ப் பகுப்பாய்வுக்கு காமாபை மென்பொருள் இலவசம், சி.டி.ஏ.ஓ.வின் அறிவியல் கருவிகளுக்கு அடித்தளமும் அதுதான்.

கையால் கருவி செய்ய ஆசையா? காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது பிறந்து தரைவரை வரும் துகள்கள் மியூவான்கள். அவற்றை எண்ணும் காஸ்மிக் வாட்ச் என்ற கருவியின் வடிவமைப்பு பொதுவில் கிடைக்கிறது. துகள் பாய்ந்தால் ஒளிரும் 5 செ.மீ. சதுர பிளாஸ்டிக் சின்டிலேட்டர் ஒன்று, அதில் ஒட்டிய ஒரு சிலிக்கன் ஒளியுணரி, ஓர் ஆர்டினோ மின்னணுப் பலகை. வடிவமைத்தவர்கள் சொல்லும் செலவு சுமார் 100 டாலர். இறக்குமதியைச் சேர்த்தால் கூடும் என்பதால் துறை நண்பர்கள் நாலைந்து பேர் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். கடல்மட்டத்தில் ஒரு சதுர செ.மீ. வழியாக நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு மியூவான் பாய்கிறது. மொட்டைமாடியில் இரண்டு எண்ணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக இடைவெளி விட்டு வைத்து, இரண்டும் சேர்ந்து துடிக்கும் நிகழ்வுகளை மட்டும் எண்ணுங்கள். பிறகு அந்த ஜோடியை 60 பாகை சாய்த்து எண்ணுங்கள். எண்ணிக்கை நாலில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் இறங்கும். சாய்கோணத்தின் கொசைன் வர்க்கத்துக்கு ஏற்ப எண்ணிக்கை குறையும் என்ற விதி உங்கள் மாடியிலேயே நிரூபணமாகிவிட்டது. ஒரு வாரம் ஓடவிட்டு, அந்த வாரத்தின் காற்றழுத்தத்தையும் குறித்துவைத்தால், அழுத்தம் ஏறும்போது எண்ணிக்கை லேசாக இறங்குவதையும் தேடிப் பார்க்கலாம்.

இப்படி மியூவான் எண்ணுவதைச் சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். கிரேப்ஸ்-3 குழு செய்ததும் அடிப்படையில் இதுதான், 560 சதுர மீட்டர் பரப்பில். 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டி மேல் ஓர் இடிமேகம் வந்து நின்றபோது மியூவான் எண்ணிக்கை சுமார் 18 நிமிடங்களுக்கு 2 சதவீதம் குறைந்தது. அந்தக் குறைவை வைத்து, மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்தது என்று கணக்கிட்டு 2019-இல் வெளியிட்டார்கள். இடிமேகத்தில் இவ்வளவு மின்னழுத்தம் இருக்கலாம் என்ற பழைய ஊகத்துக்கு மியூவான்கள் சாட்சி சொன்னது நம் நீலகிரியில்.

படி 4: கோடைப் பயிற்சி

உள்ளூரில் முதல் இலக்கு வி.எஸ்.ஆர்.பி. அடுத்து அறிவியல் கழகங்களின் இரண்டு மாத உதவித்தொகை. சென்னை கணித அறிவியல் நிறுவனம், பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனம், இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களான ஐசர்கள் ஆகியவற்றிலும் மாணவர்களை எடுப்பார்கள்.

வெளிநாட்டில் டெசியைப் பரிந்துரைப்பேன். அதன் ஹாம்பர்க் வளாகத்தைத்தான் எல்லாருக்கும் தெரியும். பெர்லினுக்குப் பக்கத்தில் இருக்கும் சொய்த்தன் வளாகம்தான் விண்துகள் இயற்பியலுக்கு உரியது, விண்ணப்பத்தில் அதைக் கேளுங்கள். செர்னைப் பொறுத்தவரை, இந்தியா 2017 முதல் இணை உறுப்பு நாடு, இலங்கை உறுப்பு நாடு அல்ல. இரண்டுக்கும் விண்ணப்பப் பிரிவு வேறு என்பதால் எது உங்களுடையது என்று பார்த்து நிரப்புங்கள்.

பரிந்துரைக் கடிதம் பற்றி ஒரு வார்த்தை. நான் மாணவனாக இருந்தபோது ஒரு கோடைப் பள்ளிக்கு எல்லாவற்றையும் பத்து நாள் முன்பே அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். என் பேராசிரியருக்குப் போன கோரிக்கை ஸ்பேம் பெட்டியில் கிடந்தது. கடைசி தேதி முடிந்த பிறகுதான் இருவருக்கும் தெரிந்தது. இப்போது என் மாணவர்களிடம் சொல்வது இதுதான்: ஆறு வாரம் முன்பே கேளுங்கள். கேட்கும்போதே ஒரு பக்கக் குறிப்பைக் கொடுங்கள். அவரிடம் எந்தப் பாடம் படித்தீர்கள், என்ன செயல்திட்டம் செய்தீர்கள், எதற்கு விண்ணப்பிக்கிறீர்கள், என்றைக்குள் வேண்டும் என்று அதில் இருக்கட்டும். ஒரு வாரம் இருக்கும்போது நேரில் போய் நினைவூட்டுங்கள். "சார் தப்பா நினைப்பாரோ" என்று தயங்கவே வேண்டாம்.

திட்டம் எதுவும் இல்லாமல் ஓர் ஆய்வாளருக்கு நேரடியாக எழுதுவதாக இருந்தால் நான்கே பத்தி போதும். யார் நீங்கள், அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதில் எது புரியவில்லை, உங்களால் என்ன செய்ய முடியும். "உங்கள் ஆய்வு அருமை" என்ற வரிக்குப் பதில் வராது. "படம் 5-இல் சாய்கோணம் கூடும்போது பிழை ஏன் பெரிதாகிறது என்று பொதுத்தரவை வைத்துப் பார்த்தேன், என் வரைபடத்தை இணைத்திருக்கிறேன்" என்ற வரிக்குப் பெரும்பாலும் வரும். படி 3 ஏன் முக்கியம் என்பது இங்கேதான் தெரியும்.

படி 5: பள்ளிகள்

பள்ளி என்றால் ஒன்றிரண்டு வாரம் ஓரிடத்தில் தங்கி, காலையில் வகுப்பு, மாலையில் கணக்குப் பயிற்சி, இரவில் சாப்பாட்டு மேசையில் விவாதம். ஐரோப்பாவில் ஐ.எஸ்.ஏ.பி.பி. என்ற வலையமைப்பு விண்துகள் இயற்பியலுக்கென்றே பிஎச்.டி. மாணவர்களுக்குப் பள்ளிகள் நடத்துகிறது.

நம்மைப் போன்ற நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு எல்லாவற்றையும்விடப் பொருத்தமான இடம் இத்தாலியின் திரியெஸ்தே நகரிலுள்ள சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையமான ஐ.சி.டி.பி. என்பது என் கருத்து. 1964-இல் அப்துஸ் சலாம் தொடங்கியதே வளரும் நாடுகளின் விஞ்ஞானிகளுக்காகத்தான். அங்கே நடக்கும் பள்ளிகளுக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. வரையறுக்கப்பட்ட அளவில் பயண உதவியும் தருவார்கள், விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேளுங்கள், அந்தப் பணம் உங்களுக்காகவே ஒதுக்கப்பட்டது. அங்குள்ள ஓராண்டு முதுநிலை டிப்ளமோவில் உயர் ஆற்றல், அண்டவியல், விண்துகள் இயற்பியல் மூன்றும் சேர்ந்த பிரிவு உண்டு. முழு உதவித்தொகையோடு படிக்கலாம். பிஎச்.டி.க்கு முன் அடித்தளம் போதவில்லை என்று உணர்கிறவர்களுக்கு இது பெரிய ஏணி.

பெங்களூருவில் உள்ள சர்வதேசக் கோட்பாட்டு அறிவியல் மையமான ஐ.சி.டி.எஸ்.சின் நிகழ்ச்சி நிரலையும் மாதம் ஒருமுறை பாருங்கள். வெளிநாட்டு விரிவுரையாளர்கள் அங்கேயே வருகிறார்கள். ரயில் டிக்கெட் செலவு மட்டும்.

படி 6: முதல் மாநாடு

காஸ்மிக் கதிர் மாநாடு 1947-இல் போலந்தின் கிராகோவில் தொடங்கியது. இந்தியாவுக்கு மூன்று முறை வந்திருக்கிறது: 1963-இல் ஜெய்ப்பூர், 1983-இல் பெங்களூரு, 2005-இல் புனே. வந்ததற்குக் காரணமும் உண்டு. கோலார் தங்கவயலின் ஆழத்தில் 1965-இல், வளிமண்டல நியூட்ரினோக்களை உலகில் முதன்முதலில் கண்டவர்களில் இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் கூட்டுக்குழுவும் ஒன்று. இந்தக் கூட்டத்தில் நாம் புதிதாகக் கதவைத் தட்டுகிறவர்கள் இல்லை.

ஆய்வுச் சுருக்கத்தை மாநாட்டுக்குப் பல மாதம் முன்பே கொடுக்க வேண்டும். நீங்கள் ஒரு கூட்டமைப்பின் உறுப்பினர் என்றால் அதற்கும் முன்பே உள் அனுமதி வாங்க வேண்டும். நூற்றுக்கணக்கான பேர் பெயரில் வெளிவருவதால் சுருக்கத்தை உள்குழு படித்துத் திருத்தும். இதற்கே சில வாரம் போகும். புதிய மாணவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

போஸ்டர் கிடைத்தால் "பேச்சு கிடைக்கவில்லையே" என்று வருந்தாதீர்கள். பன்னிரண்டு நிமிடப் பேச்சை மக்கள் மறந்துவிடுவார்கள். போஸ்டர் முன்னால் நின்று இருபது நிமிடம் கேள்வி கேட்டவர் அடுத்த ஆண்டு உங்களுக்கு வேலை தரக்கூடும். ஏ0 அளவில், அதாவது 84 செ.மீ. அகலம், 119 செ.மீ. உயரத்தில், துணியில் அச்சடியுங்கள். புடவை மாதிரி மடித்து கைப்பையில் வைத்துக்கொள்ளலாம், விமானத்தில் குழாயைத் தூக்கி அலைய வேண்டாம். நடுவில் ஒரே ஒரு வரைபடம் பெரிதாக இருக்கட்டும், அச்சுகளின் எழுத்து இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலும் படிக்கிற அளவில்.

ஐ.சி.ஆர்.சி.யின் கடைசியில் தொகுப்புரை நிகழ்த்துவார்கள். ஒவ்வொரு கிளையிலும் ஒருவர் எல்லாப் பேச்சுகளையும் போஸ்டர்களையும் பார்த்துத் தொகுத்துச் சொல்வார். ஊர் சுற்றக் கிளம்பிவிடாமல் உட்கார்ந்து கேளுங்கள். மாநாட்டுக்குப் போக முடியாதவர்கள் அந்தத் தொகுப்புரைக் கட்டுரைகளையாவது படியுங்கள், துறை எங்கே நிற்கிறது என்று ஒரே மூச்சில் தெரிந்துவிடும்.

பணத்துக்கு மூன்று கதவு: மாநாட்டின் மாணவர் உதவி, உங்கள் நிறுவனத்தின் பயண நிதி, இந்திய அரசின் சர்வதேசப் பயண உதவித் திட்டம். முன்பு எஸ்.இ.ஆர்.பி. என்ற அரசு ஆராய்ச்சி நிதி வாரியம் நடத்திய இத்திட்டம் இப்போது அதன் இடத்துக்கு வந்த ஏ.என்.ஆர்.எஃப். கையில். மூன்றுக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பியுங்கள், இரண்டு கிடைத்தால் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கலாம். விசாவுக்கு அழைப்புக் கடிதத்தைப் பதிவு செய்த அன்றே கேட்டுவிடுங்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளில் முடியும் என்று நம்பி இருக்க வேண்டாம், 45 நாள் வரை நீட்ட அவர்களுக்கு உரிமை உண்டு.

போலி மாநாடுகள் ஜாக்கிரதை. "மதிப்புக்குரிய பேச்சாளராக உங்களை அழைக்கிறோம்" என்று தானாக வரும் மின்னஞ்சலில், நானோ தொழில்நுட்பமும் செவிலியர் படிப்பும் வானியலும் ஒரே கூட்டத்தில் இருந்தால் அழித்துவிடுங்கள். உண்மையான மாநாட்டுக்குப் பழைய வரலாறும், நீங்கள் கட்டுரைகளில் பார்த்த பெயர்கள் கொண்ட அறிவியல் குழுவும் இருக்கும். பெரும்பாலானவை செர்ன் உருவாக்கிய இண்டிகோ தளத்தில் பதிவை நடத்தும்.

படி 7: பிஎச்.டி.

இந்தியாவில் டாடா நிறுவனத்தின் தேர்வும், பல நிறுவனங்கள் சேர்ந்து ஏற்கும் ஜெஸ்ட் தேர்வும் முக்கியம். ஊட்டி ஆய்வகத்தில் சேர விரும்புகிறவருக்கு வழி டாடா நிறுவனம்தான். நேர்காணலில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இத்தாலியின் லாக்விலாவில் உள்ள கிரான் சாசோ அறிவியல் நிறுவனம், 2012-இல் தொடங்கிய முனைவர் பட்ட நிறுவனம். ஆங்கிலத்தில் நடக்கிறது, உதவித்தொகை உண்டு. பக்கத்திலேயே மலைக்குள் 1400 மீட்டர் பாறைக்கு அடியில் உலகப் புகழ்பெற்ற நிலத்தடி ஆய்வகம். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி முனைவர் வலையமைப்புகளுக்கு ஒரு நிபந்தனை: சேரும் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில், சேரப் போகும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. ஜெர்மனியில் முதுநிலை படித்துக்கொண்டே ஜெர்மனியின் இடத்துக்கு விண்ணப்பித்து ஏமாறுகிறவர்கள் உண்டு. அவர்கள் அதே வலையமைப்பில் பிரான்ஸிலோ ஸ்பெயினிலோ உள்ள இடத்தைப் பார்க்க வேண்டும்.

வேலை அறிவிப்புகளுக்கு உயர் ஆற்றல் இயற்பியல் கட்டுரைகளைத் தொகுக்கும் இன்ஸ்பயர் (INSPIRE-HEP) தளத்தின் வேலைப் பகுதியை வாரம் ஒருமுறை பாருங்கள். நேர்காணலின் முடிவில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். "இல்லை, நன்றி" என்று எழுந்துவிடாதீர்கள். உதவித்தொகை எத்தனை ஆண்டுக்கு? கருவி இருக்கும் இடத்துக்கு மாணவர்களை அனுப்புவீர்களா? முந்தைய மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே? இந்த மூன்றையும் கேளுங்கள். பிறகு அந்தக் குழுவின் மாணவர் ஒருவரிடம் தனியாக இதே மூன்றையும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் தைரியமாகச் சேரலாம்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே, விண்ணில் திடீரென நிகழ்பவற்றை ஆய்வாளர்களுக்கு உடனே அறிவிக்கும் ஜி.சி.என். வலையமைப்பின் எச்சரிக்கைகளுக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள், அது இலவசம். 2017 செப்டம்பர் 22 அன்று ஐஸ்கியூபில் ஓர் உயர் ஆற்றல் நியூட்ரினோ பதிவாகி 43 வினாடியில் உலகெங்கும் எச்சரிக்கை போனது. அதைப் பார்த்துத் தங்கள் தரவைத் திறந்தவர்கள்தான், அந்தத் திசையில் சுமார் 400 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு பிளேசார், அதாவது மையக் கருந்துளையிலிருந்து நம்மை நோக்கித் தாரை வீசும் விண்மீன் மண்டலம், கொந்தளித்துக்கொண்டிருந்ததைக் கண்டார்கள். அடுத்த எச்சரிக்கை உங்கள் தொலைபேசியில் நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒலிக்கலாம். சத்தத்தை அணைத்து வைக்காதீர்கள்.